உப்புத்தண்ணியில தலைக்கு வாத்துக்கறது: அரப்பா, சீயக்காயா, ஷாம்பூவா?

அமராவதிக்கரை | மார்ச் 2, வெடியால 6.40

ஏனுங்க, தாராபுரம் பக்கம் குளிக்கறதுக்கெல்லாம் போர் தண்ணிதான். எந்த ஷாம்பூ போட்டாலும் முடி சிக்கு விழுது, வறட்டுன்னு நிக்குது, சீப்புல கொத்தாக் கொட்டுது. ஷாம்பூவை விட்டுப்போட்டு, தலைக்குத் தேய்க்கற இலைத் தூளு அரப்புக்கு மாறினா கொட்டறது நின்னுரும்னு எல்லாரும் சொல்றாங்க. அரப்பு மட்டும் போதுமுங்களா, தண்ணியையும் மாத்தோணுமா?

நொய்யல் | மார்ச் 2, காலை 9.15

அரப்பு மட்டும் போதாதுங்க. தண்ணிய முதல்ல பாருங்க, தூளை அப்புறம் பாத்துக்கலாம்.

அதுக்கும் முன்னால, கொட்டறது எந்த மாதிரின்னு பிரிச்சுக்கோணும். சீப்புல வந்த முடியில பத்துப் பதினஞ்ச எடுத்து ஒண்ணொண்ணா வெளிச்சத்துல பிடிங்க. ஒரு நுனியில வெள்ளையா, கடுகைவிடச் சிறுசா ஒரு முடிச்சு இருந்தா அது வேரோட கழண்டது. முடிச்சே இல்லாம, நீளமும் பாதிதான் இருந்தா அது நடுவுல முறிஞ்சது. உப்புத்தண்ணி செய்யற கெடுதல் பெரும்பாலும் ரெண்டாவது வகை. தண்ணியில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் முடி மேல படிஞ்சு சொரசொரப்பாக்கும். ஒரு முடியோட இன்னொரு முடி மாட்டி, சிக்கெடுக்கையில அறுந்து போகும்.

வேரோட வர்றது வேற கணக்கு. ஒரு நாளைக்கு 50-லிருந்து 100 முடி உதிர்றது எல்லாருக்கும் உள்ளதுதான். வாரத்துக்கு ஒருக்கா மட்டும் தலைக்கு வாத்துக்கறவங்களுக்கு, இடையில கழண்டு சடைக்குள்ளயே நின்னதெல்லாம் அன்னிக்கு ஒண்ணா வரும். அதைப் பாத்துப் பயப்பட வேண்டாம். ஆனா கடுமையான காய்ச்சலோ பிரசவமோ ஆகி ரெண்டு மூணு மாசம் கழிச்சு கைநிறைய வந்தா, அதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் சில மாசத்துல தானா அடங்கும். அடங்கலைன்னா ரத்தத்துல இரும்புச்சத்தும் தைராய்டும் பாக்கச் சொல்லுங்க.

நொய்யல் | மார்ச் 2, ராத்திரி 8.50

தண்ணிய வீட்டுலயே சோதிக்க: உள்ள இருக்கறது தெரியற பாட்டில்ல பாதிக்குத் தண்ணி, குளிக்கற சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை. மூடி நல்லாக் குலுக்குங்க. நுரை கெட்டியா மேல நின்னு கீழ தண்ணி ஓரளவு தெளிவா இருந்தா நல்லதண்ணி. நுரையே நிக்காம, பால் திரிஞ்சாப்ல வெள்ளைத் துணுக்கு மிதந்தா கடினமான தண்ணி. ஷாம்பூவையோ துணி சோப்புத் தூளையோ போட்டுச் சோதிக்காதீங்க, அது உப்புத்தண்ணியிலயும் ஓரளவு நுரைச்சு ஏமாத்திரும்.

அந்தத் துணுக்குத்தான் தலையில சோப்புக்கட்டி தேய்க்கறவங்க முடியிலயும் ஒட்டுது. அதனால உப்புத்தண்ணி ஊர்ல தலைக்குச் சோப்பு வேண்டவே வேண்டாம். அரப்புலயும் சீயக்காய்லயும் நுரை தர்ற சபோனின் அப்படித் திரியாது. பெரியவங்க போர் தண்ணிக்கு அரப்பு நல்லதுன்னு சொன்னதுல இந்த அளவுக்கு உண்மை இருக்குது.

கொப்பரைக்களம் | மார்ச் 3, காலை 7.05

தண்ணிய நல்லாக் காய வெச்சு ஆத்தி ஊத்தினா உப்பு அடியில தங்கிருமே. இல்லைன்னா ஒரு கரண்டி ஆப்ப சோடா போட்டாத் தண்ணி மெதுவாகிருமுங்க.

நொய்யல் | மார்ச் 3, மத்தியானம் 1.30

காய வெச்சாத் தற்காலிகக் கடினம் மட்டுந்தான் போகும். பைகார்பனேட்டா இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் அடியில வெள்ளையாப் படியறது அதுதான். சல்பேட்டாவும் குளோரைடாவும் இருக்கறது எத்தனை நேரம் கொதிச்சாலும் தண்ணியிலயே இருக்கும். தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். நம்ம பக்கத்துப் போர்ல ரெண்டு வகையும் கலந்திருக்கும்.

ஆப்ப சோடா வேண்டாமுங்க. தலைத்தோல் லேசான புளிப்புத் தன்மையோட, பிஎச் (புளிப்பு, கார அளவு; 7-க்குக் கீழ புளிப்பு, மேல காரம்) 5.5-ஐ ஒட்டி இருக்கும். முடி அதைவிடப் புளிப்பு. சோடாத் தண்ணி பிஎச் 8-க்கு மேல போயிரும். முடி மேல இருக்கற செதில் தூக்கிக்கும், வறட்டுத்தனம்தான் கூடும்.

இன்னொண்ணு, யாரும் கேக்கலைன்னாலும் சொல்லோணும். ஆர்ஓ மிஷின்ல இருந்து வெளிய போற கழிவுத் தண்ணியைப் பிடிச்சு வெச்சுத் தலைக்கு ஊத்தறாங்க. அது போர் தண்ணியைவிட உப்புக் கூடுன தண்ணி. வாசல் தெளிக்க, பாத்ரூம் கழுவ வெச்சுக்கங்க. குழாய் முனையில மாட்டற சின்ன ஷவர் ஃபில்டர் பெரும்பாலும் மண்ணையும் குளோரினையும்தான் பிடிக்கும், கடினத்தை எடுக்காது. கடினம் போகோணும்னா ரெசின் (கடினத்தைப் பிடிச்சுக்கற சின்னச் சின்ன மணி) போட்ட சாஃப்ட்னர் வேணும். அதுக்கு அப்பப்பக் கல்லுப்புக் கரைசல் ஓட்டோணும், ஓட்டலைன்னா ரெசின் வேலை செய்யாது.

செலவில்லாத வழி ஒண்ணுதான். கழுவறதெல்லாம் போர் தண்ணியில கழுவிக்கங்க. கடைசி அலசலுக்கு மட்டும் நல்லதண்ணி. தோளளவு முடிக்கு 3 லிட்டர், இடுப்பளவுக்கு 5 லிட்டர். ஆத்துத்தண்ணி குழாய்ல வர்ற அன்னிக்கு ஒரு குடம் ஒதுக்கி வெச்சாப் போதும். முடியில கடைசியாக் காயறது எந்தத் தண்ணியோ, அதுல உள்ளதுதான் முடி மேல தங்கும்.

சிறுவாணி | மார்ச் 3, பொழுதோட 6.20

கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுல இந்தத் தொல்லையே தெரியாதுங்க. அங்க கொஞ்சம் ஷாம்பூவே எச்சா நுரைக்கும், உப்புத்தண்ணிக்குப் போடற அளவுல பாதி போதும். ஊருக்குப் போறப்பப் பழகின அளவையே போட்டு, அலசினது பத்தாம, தலை பிசுபிசுன்னு இருக்குதுன்னு மறுக்கா ஷாம்பூ போடறவங்க நெறைய.

நொய்யல் | மார்ச் 6, காலை 10.10

அரப்புக்கு வருவோம். ஊஞ்ச மரத்து இலை, மதுரைப் பக்கம் உசிலைன்னு சொல்றது. செடிகொடிக்கு அடிக்கற அரப்பு மோர் கரைசலுக்கும் இதே இலைதான். நிழல்ல காஞ்ச இலைத் தூள் பச்சை குறையாம இருக்கும். பழுப்படிச்சு மக்கின வாசம் வந்தா வெயில்ல கருகினது, இல்லைன்னா பழசு. வாங்கறப்ப ஒரு சிட்டிகை எடுத்து ஈரக் கையில தேய்ங்க. கொழகொழன்னு வழுக்கி, சின்ன நுரை கட்டோணும். மண்ணாட்டம் நறநறன்னா வேண்டாம்.

அளவு எண்ணெயைப் பொறுத்தது. தோளளவு முடிக்கு எண்ணெய் 10 மில்லி, அரப்பு 3 மேசைக்கரண்டி. இடுப்பளவுக்கு எண்ணெய் 20–25 மில்லி, அரப்பு 6. எண்ணெயை மனசு போல ஊத்திக்கிட்டு அரப்பை மட்டும் அதே அளவுல போட்டாத்தான் பிசுக்குப் போகலைன்னு வருது.

தூளை மெல்லிய துணியில சலிச்சுக்கங்க. வடிகஞ்சிய ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணி விட்டு நீர்க்க ஆக்கி, வெதுவெதுப்பாத் தூள்ல ஊத்திக் கட்டியில்லாமக் கரைச்சு, 15 நிமிசம் ஊற விடுங்க. கஞ்சி கெட்டியா இருந்தா முடியில வெள்ளை வெள்ளையாக் காஞ்சு நிக்கும். கரைச்சது தோசை மாவுப் பதத்துக்கும் கொஞ்சம் தளர்வா இருக்கட்டும்.

எண்ணெய் வெச்சு அரை மணி நேரம் போதும். தலையில ரெண்டு சொம்பு வெதுவெதுப்பான தண்ணி ஊத்திட்டு, வகுடு வகுடாப் பிரிச்சு அரப்பைத் தோல்ல வெச்சு விரல் நுனியில தேய்ங்க. நகம் படக்கூடாது. முடியைச் சுருட்டி உச்சியில குவிச்சுத் துணி கசக்கறாப்ல கசக்கக் கூடாது, அங்கதான் சிக்கு ஆரம்பிக்குது. கையில மிஞ்சின கூழை வேர்ல இருந்து நுனிக்கு உருவி விட்டாப் போதும். 3 நிமிசத்துக்கு மேல விடாதீங்க, காஞ்சா ஒட்டிக்கும். ரெண்டாம் தாட்டி தோலுக்கு மட்டும், இன்னும் நீர்க்க.

அலசறதுதான் பாதி வேலை. கீழ ஓடற தண்ணியில பச்சை நிறம் போற வரைக்கும் அலசோணும். அரைகுறையா விட்ட அரப்புத் துணுக்கு மறுநாள் காஞ்சு தோள்ல உதிரும், அதைப் பொடுகுன்னு நெனச்சு மறுக்கா எண்ணெய் வெப்பாங்க. கரைச்சது மிஞ்சினாச் செடிக்கு ஊத்திருங்க. அடுத்த நாளைக்குப் புளிச்சு வாசம் வரும்.

கொப்பரைக்களம் | மார்ச் 6, 11.00

சலிக்கறப்ப மூக்குக்கு ஒரு துணி கட்டிக்கோணும், தும்மல் அடங்காது. கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காதுங்க. கொழந்தைகளுக்குத் தலையைப் பின்னால சாச்சுப் பிடிச்சுத்தான் தேய்க்கோணும்.

நொய்யல் | மார்ச் 6, 11.20

ஆமாங்க. கண்ணுல பட்டா வெறும் தண்ணியில 15 நிமிசம் விடாமக் கழுவுங்க. கசக்க வேண்டாம். அப்புறமும் செவந்து நீர் வடிஞ்சா கண் டாக்டர்.

அமராவதிக்கரை | மார்ச் 9, ராத்திரி 9.30

எண்ணெயே வெக்காம வெறும் அரப்புப் போட்டா?

நொய்யல் | மார்ச் 9, ராத்திரி 9.45

வறண்டு நாராட்டம் நிக்கும். எண்ணெய் வெக்காத நாளுக்கு அரப்பு வேண்டாம், லேசான ஷாம்பூ போதும்.

கொப்பரைக்களம் | மார்ச் 10, வெடியால 5.50

எண்ணெய்ல எதுங்க? நல்லெண்ணெய்தான் சூட்டைத் தணிக்கும்னு சொல்வாங்க. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் வீட்டுக்கு வீடு தேங்காயெண்ணெய்.

நொய்யல் | மார்ச் 10, மத்தியானம் 2.15

முடிக்குன்னு பாத்தாத் தேங்காயெண்ணெய். 2003-ல வெளிவந்த ஆய்வு ஒண்ணுல தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் வெச்சுப் பாத்ததுல, முடியில இருந்து புரதம் கழண்டு போறதைக் குறைச்சது தேங்காயெண்ணெய் மட்டுந்தான். அதுல எச்சா இருக்கற லாரிக் அமிலத்தோட மூலக்கூறு சிறுசு, நேரானது. முடிக்குள்ள இறங்குது. மத்தது மேலயே நிக்குது. முடி நனையறப்ப உப்பி, காயறப்பச் சுருங்கறதுலதான் தேய்மானம். முன்னாலயே எண்ணெய் உள்ள இருந்தா உப்பறது குறையும். குளிக்கறதுக்கு முன்னால வெக்கச் சொல்றது இதுக்குத்தான்.

நல்லெண்ணெய் தேச்சுக் குளிக்கறதுல உடம்புக்கு இதம் உண்டு, அதை விட வேண்டாம். ஆனா அது கனம் கூடுனது, தலையில இருந்து எடுக்க அரப்பு எச்சாவே வேணும். எதுவானாலும் நுனியில இருந்து பாதி முடி வரைக்கும் தாராளமா, தோல்ல கொஞ்சமா. தோலுக்குத் தன் எண்ணெய் தானே சுரக்கும், நுனிக்குத்தான் அது போய்ச் சேராது.

ஈரிழை | மார்ச் 14, காலை 8.00

பொடுகு வர்றதே தலை காஞ்சு கெடக்கறதாலதானுங்க? ராத்திரி நல்லா எண்ணெய் ஊற வெச்சா அடங்குதே.

நொய்யல் | மார்ச் 14, பொழுதோட 7.40

இதை அப்படியே விட முடியாது. எண்ணெய் வெச்சதும் செதில் ஈரமாகிப் படிஞ்சுக்குது, கண்ணுக்குத் தெரியறதில்லை. அவ்வளவுதான். பொடுகுக்குப் பின்னால இருக்கறது மலசீசியாங்கற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. எல்லார் தலையிலயும் உண்டு. அது கொழுப்பைத் தின்னுதான் வளரும். ராவெல்லாம் எண்ணெய் ஊற வெச்சா அதுக்குத் தீனி போடறதுதான். செவந்து, அரிச்சு, மஞ்சளாப் பிசுக்குச் செதில் வர்றவங்க தோல்ல எண்ணெய் வெக்கறதை நிறுத்தோணும். நுனிக்கு மட்டும் வெச்சுக்கலாம்.

மருந்துக் கடையில கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ கெடைக்கும். வாரத்துக்கு ரெண்டு தாட்டி, நாலு வாரம். தோல்ல தேச்சு 5 நிமிசம் விட்டு அலசோணும். தேச்ச உடனே அலசிட்டு, கேக்கலைன்னு சொல்றவங்கதான் நெறைய. மருந்து தோல்ல நிக்கற நேரத்துலதான் வேலை செய்யும். அடங்கின பின்னால ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போட்டு வந்தாத் திரும்பறது குறையும். லேசான பொடுகுக்கு ஜிங்க் பைரிதயோன் உள்ள ஷாம்பூவே போதும். எலுமிச்சையைத் தோல்ல நேராத் தேய்க்காதீங்க, சொரிஞ்ச புண்ணு எரிஞ்சு பெருசாகும்.

வெள்ளி நிறத்துல கெட்டிச் செதில், நெத்தி ஓரமும் காதுக்குப் பின்னாலயும் வந்தா சொரியாசிஸா இருக்கலாம். கொழந்தைக்கு வட்டமா முடி கொட்டி, அந்த இடத்துல செதிலோ சீழோ இருந்தாப் படர்தாமரை. அதுக்கு மேல பூசறது மட்டும் பத்தாது, வாய்வழி மருந்து வேணும். ரெண்டுக்கும் தோல் டாக்டர்கிட்டப் போகோணும், வீட்டு வைத்தியத்துல நாள் கடத்தக் கூடாது.

ஈரிழை | மார்ச் 15, காலை 6.30

திருப்பூர்ல பனியன் கம்பெனி, நூல் மில்லு வேலைக்குப் போறவங்களுக்குப் பஞ்சும் வேர்வையும் சேந்து தோல்ல ஒட்டுது. தினம் தலைக்கு வாத்துக்கலாமுங்களா?

நொய்யல் | மார்ச் 15, ராத்திரி 9.00

தினம் வெறும் தண்ணியில அலசலாம். ஷாம்பூ ஒரு நாள் விட்டு ஒரு நாள், தோலுக்கு மட்டும். வேலைக்குப் போறப்ப எண்ணெய்த் தலையோட போகாதீங்க, பஞ்சு ஒட்டறதே அதனாலதான். பருத்தித் துணியில தலையை மூடிக் கட்டி, அந்தத் துணியைத் தினம் துவைங்க. ஹெல்மெட் போடறவங்களுக்கும் இதே கதைதான். உள்ள மெத்தை கழட்டற மாதிரி இருந்தா வாரம் ஒருக்கா துவைச்சு வெயில்ல காய வையுங்க. ஈரத்தலையோட ஹெல்மெட் போடறதும், ஈரமாவே கொண்டை போடறதும் ஒண்ணுதான். உள்ள புழுங்கி வாசம் வரும், அரிப்பு வரும்.

தொவட்டறதுக்கு ஈரிழைத் துண்டு நல்லது. முடியை அதுல சுத்தி அமுக்கித் தண்ணியை எடுங்க. துண்டால முடியை அடிச்சு உதர்றதுல நுனி பிளக்கும்.

சிறுவாணி | மார்ச் 22, மத்தியானம் 12.10

சீயக்காய் வீட்டுலயே அரைக்கறதுக்கு அளவு சொல்லுங்க. கடைத் தூள்ல வாசம்தான் இருக்குது.

நொய்யல் | மார்ச் 22, ராத்திரி 8.30

சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு 250 கிராம், வெந்தயம் 100, கொட்டை எடுத்த பூந்திக்காய்த் தோல் 100, பூலாங்கிழங்கு 50, காஞ்ச செம்பருத்தி இலை ரெண்டு கை. சீயக்காயை ஒடிச்சு உள்ள இருக்கற கொட்டையை எடுத்துட்டா நைசா அரையும். மூணு வெயில் காயோணும். காய் கையில படக்குன்னு ஒடியோணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்குது, மில்லுல மாவு கட்டிக்கும்.

மில்லுல கேட்டே ஆகோணும்: சீயக்காய்க்குத் தனி மிஷின் இருக்குதான்னு. மொளகாத்தூள் அரைச்ச மிஷின்ல அதுக்கப்புறம் போட்டா, முதல் ரெண்டு கிலோவுல காரம் ஏறிக்கும். தலையில வெச்ச அஞ்சு நிமிசத்துல தோல் பத்தி எரியும், சீயக்காய் ஒத்துக்கலைன்னு முடிவு பண்ணிருவாங்க. அரைச்சதும் தூள் சூடா இருக்கும். பேப்பர்ல பரப்பி முழுசா ஆறின பின்னாலதான் டப்பாவுல அடைக்கோணும். சூட்டோட அடைச்சா வேர்த்துக் கட்டி பிடிச்சுப் பூச்சி விழும். எடுக்கற கரண்டி ஈரமில்லாம இருக்கோணும்.

ஈரிழை | மார்ச் 30, ராத்திரி 7.15

பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குப் பேனு. சீமெண்ணெய் தேய்க்கலாம்னு வீட்டுல பேசறாங்க. சீக்கிரம் சொல்லுங்க.

நொய்யல் | மார்ச் 30, ராத்திரி 7.25

வேண்டாம், வேண்டவே வேண்டாம். தோல் வெந்து போகும், மூச்சுல ஏறும், அடுப்புப் பக்கம் போனாத் தீப்பிடிக்கும்.

பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் வாங்குங்க. எண்ணெய் இல்லாமக் கழுவித் தொவட்டின தலையில பூசி, 10 நிமிசம் விட்டு அலசோணும். ஈரு (பேன் முட்டை) பொரியறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால ஒம்பதாம் நாள் மறுக்கா ஒரு தாட்டி. இந்த ரெண்டாம் தாட்டியை விட்டாத்தான் பேனு போகவே மாட்டேங்குதுன்னு ஆகும். நடுவுல மூணு நாளைக்கு ஒருக்கா ஈரத் தலையில ஈர்வலி போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில தொடைச்சுப் பாருங்க. வீட்டுல எல்லார் தலையையும் பாருங்க, பேன் இருக்கறவங்களுக்கெல்லாம் அதே நாள்ல பூசோணும். தோல்ல இருந்து ரொம்ப விலகி முடி நடுவுல ஒட்டியிருக்கற ஈரு பெரும்பாலும் வெறும் ஓடு, அதைப் பாத்து மறுக்கா மருந்து வெக்க வேண்டாம்.

அமராவதிக்கரை | ஏப்ரல் 6, காலை 7.30

மாரியம்மன் நோம்பியில மஞ்சத்தண்ணி ஊத்திட்டாங்க. நரை முடியெல்லாம் மஞ்சளா நிக்குது. சோப்புப் போட்டா செவப்பாகுதுங்க!

நொய்யல் | ஏப்ரல் 6, காலை 8.10

மஞ்சள்ல நிறத்தைத் தர்ற குர்குமின், காரத்தன்மை (புளிப்புக்கு எதிர்) பட்டாச் செவக்கும். சோப்புக் காரம், அதான். தண்ணியில அது அவ்வளவாக் கரையாது, எண்ணெய்ல கரையும். தேங்காயெண்ணெயை மஞ்சள் பட்ட இடமெல்லாம் தேச்சு 20 நிமிசம் விட்டு, பழைய துணியில அழுத்தித் தொடைங்க. துணியில மஞ்சள் இறங்கறது தெரியும். அப்புறம் அரப்பு. மிச்சம் இருந்தா ரெண்டு மூணு நாள் வெயில்லயே வெளுத்துரும்.

கொப்பரைக்களம் | ஏப்ரல் 19, பொழுதோட 5.45

சித்திரை வெயில்ல போர் எறங்கிப் போச்சு, தண்ணி இன்னும் கடுசாயிருக்குது. கடைசி அலசலுக்கும் நல்லதண்ணி இல்லாத வாரத்துக்கு என்ன பண்றதுங்க?

நொய்யல் | ஏப்ரல் 19, ராத்திரி 9.10

1 லிட்டர் தண்ணியில வெள்ளை வினிகர் 15 மில்லி, இல்லைன்னா வடிகட்டின எலுமிச்சைச் சாறு அரை மூடி. அலசி முடிச்ச முடி நீளத்துல ஊத்தி, ரெண்டு நிமிசம் விட்டு, ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. தோல்ல புண்ணு இருந்தா வேண்டாம். இது வாரத்துக்கு ஒருக்கா போதும். மாசத்துக்கு ஒருக்கா, பின்னட்டையில ‘டெட்ராசோடியம் இடிடிஏ’ன்னோ ‘டைசோடியம் இடிடிஏ’ன்னோ முன்வரிசையில போட்டிருக்கற ஷாம்பூவால கழுவுங்க. அது கால்சியத்தைப் பிடிச்சு இழுத்துக்கும். அன்னிக்குக் கண்டிஷனர் கட்டாயம், நுனிக்கு மட்டும்.

குடிதண்ணிக்குக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம், வேற வழியில்லைன்னா 600 வரைக்கும்னு இந்தியத் தர அளவு. உங்க போர் தண்ணியை ஒருக்கா சோதனைக் கூடத்துல குடுத்து, மொத்தக் கடினம்னு தனியாக் கேட்டு வாங்குங்க. டிடிஎஸ் மீட்டர் எல்லா உப்பையும் சேத்துக் காட்டும், கால்சியம் எத்தனைன்னு சொல்லாது. கடினம் 600-ஐத் தாண்டி, வீட்டுல நாலஞ்சு பேரும் இருந்தா சாஃப்ட்னர் போடறதுதான் நியாயம். அதுக்குள்ள மழை வந்தா, முதல் மழைத் தண்ணி கூரையைக் கழுவிட்டுப் போகட்டும். அடுத்த மழையில பிடிச்சு, துணியில வடிகட்டி, மூடி வெச்சுக்கங்க.

அமராவதிக்கரை | ஏப்ரல் 27, காலை 6.50

கடைசி அலசல் ஆத்துத்தண்ணியிலன்னு மாத்தினதுல சிக்கு நல்லாவே குறைஞ்சுதுங்க. சீப்புல வந்ததைப் பாத்தோம், பாதிக்கு மேல முடிச்சு இல்லாத முடிதான். மிச்சத்துல முடிச்சு இருக்குது.

நொய்யல் | ஏப்ரல் 27, மத்தியானம் 1.00

அப்ப முறியறதுதான் எச்சா. பிளந்த நுனியை ரெண்டு அங்குலம் வெட்டி விட்டுருங்க, ஏற்கெனவே முறிஞ்சதை எந்த எண்ணெயும் ஒட்ட வெக்காது. முடி மாசத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், அஞ்சு மாசத்துல அந்த ரெண்டு அங்குலம் வந்துரும். முடிச்சோட வர்றது 100-க்குள்ளயான்னு ஒரு வாரம் எண்ணிப் பாத்துட்டு எழுதுங்க. தாண்டினா ரத்தப் பரிசோதனைக்குப் போங்க.